பிள்ளை கையில் எந்த மட்டை?



கிரிக்கெட் மட்டை மரத்தால்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வி ஒருமுறை பெரிதாக எழுந்தது. 1979 டிசம்பரில் பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு ஆட வந்துவிட்டார். பந்து பழுதாகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரேர்லி முறையிட, மட்டையை மாற்றச் சொன்னார்கள். லில்லி கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தார். பந்தை அடிக்கும் பாகம் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிறகு விதியிலேயே எழுதிவிட்டார்கள். கிரிக்கெட்டில் வழக்கு அத்தோடு முடிந்தது.

பேஸ்பாலில் அந்த வழக்கு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் ஒரே மரத்துண்டில் கடைந்த மட்டையால் மட்டுமே ஆடலாம். அதே நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலோர் கையில் இருப்பது உலோக மட்டை. பெரியவர்களுக்கு மரம், சிறுவர்களுக்கு உலோகம். கேட்பதற்கே தலைகீழாக இருக்கிறது, இல்லையா?

காரணம் காசுதான். மர மட்டை உடையும். கைப்பிடி மெல்லியது, பந்து தவறான இடத்தில் பட்டால் விரிசல் விடும். ஒரு பருவத்தில் ஒரு பள்ளி அணி எத்தனை மட்டையைத்தான் வாங்கும்? அதனால் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் அமைப்பு 1971-இல் அலுமினிய மட்டையை அனுமதித்தது. 1974-இல் அமெரிக்கக் கல்லூரிகளும், அதே ஆண்டில் ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிகளும் அனுமதித்தன. சிக்கனத்துக்காக வந்த பொருள் அது. இன்று நல்ல உலோக மட்டை நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறது. சிக்கனம் எங்கே போயிற்று என்று பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

சிக்கனத்தோடு இன்னொன்றும் வந்தது. மட்டைக்குள் துள்ளல் வந்தது.

மர மட்டை உள்ளே முழுக்கக் கெட்டி. வேகமாக வரும் பந்து அதில் மோதும்போது மட்டை அசைந்து கொடுக்காது, பந்துதான் நசுங்கும். நசுங்கி விரிவதற்குள் பந்தின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். உலோக மட்டையோ உள்ளே காலி. அதன் சுவர் ஒரு கணம் உள்வாங்கி, பந்தைத் திருப்பி உந்தித் தள்ளுகிறது. கயிற்றுக் கட்டிலில் குதிக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையில் அந்தத் துள்ளல் கிடைக்குமா? இதோடு, உலோக மட்டையில் எடை கைப்பக்கம் கூடி நிற்கும், நுனி கனக்காது. ஆகவே வேகமாகச் சுழற்றலாம். பந்து சரியான இடத்தில் படாவிட்டாலும் ஓரளவு பறக்கும். மர மட்டை அப்படி மன்னிக்காது. தப்பாகப் பட்டால் இரண்டு உள்ளங்கையும் விண்ணென்று எரியும். அடுத்த முறை பையன் கவனமாக அடிப்பான்.

துள்ளல் கூடியபோது பயமும் கூடியது. பயம் அடிப்பவனுக்கு அல்ல, எதிரே நின்று பந்தெறியும் பிட்சருக்கு. லிட்டில் லீக் மைதானத்தில் பந்தெறியும் இடத்துக்கும் அடிப்பவனுக்கும் நடுவே 46 அடி, அதாவது 14 மீட்டர். எறிந்த வேகத்தில் பிட்சர் ஓரடி முன்னே வந்து நிற்பான். பந்து மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் நேராகத் திரும்பி வந்தால், விநாடிக்கு 30 மீட்டர். அவன் கையுறையை முகத்துக்கு நேரே தூக்க அரை விநாடிகூடக் கிடைக்காது.

2003-இல் மொன்டானா மாநிலத்தில் 18 வயது பிட்சர் ஒருவர், அலுமினிய மட்டையிலிருந்து திரும்பி வந்த பந்து தலையில் பட்டு இறந்தார். பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2009-இல் ஜூரி 8,50,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மட்டையின் வடிவமைப்பு குறையுள்ளது என்று ஜூரி சொல்லவில்லை. ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்றுதான் சொன்னது. இதற்கிடையே 2007-இல் நியூயார்க் நகர மன்றம், மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் மறுப்பையும் மீறி, உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் உலோக மட்டையைத் தடை செய்தது.

எனக்கு அந்தத் தடையில் முழுச் சம்மதம் கிடையாது. மரம் என்றால் ஆபத்தில்லை என்று பொருளாகிவிடுமா? 1957-இல் கிளீவ்லாண்ட் அணியின் இளம் நட்சத்திரம் ஹெர்ப் ஸ்கோரின் கண்ணைத் தாக்கிய பந்து மர மட்டையிலிருந்துதான் வந்தது. அலுமினிய மட்டை மைதானத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது. அந்த அடிக்குப் பிறகு அவர் பழைய ஸ்கோராக ஆடவேயில்லை. ஆக, மட்டை எதனால் ஆனது என்பதைவிட, அதற்குள் எவ்வளவு துள்ளல் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஆட்ட அமைப்புகளும் மெல்ல இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. மட்டையின் துள்ளலை அளந்து பிபிகோர் என்று ஓர் எண் கொடுக்கிறார்கள். அது 0.50-ஐத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட நல்ல மர மட்டையின் அளவு அது. அமெரிக்கக் கல்லூரிகள் 2011-இலும் உயர்நிலைப் பள்ளிகள் 2012-இலும் இதை ஏற்றன. சிறுவர் மட்டைகளுக்கும் இதேபோல மரத்தை ஒட்டிய வரம்பு 2018 ஜனவரி 1 முதல் வந்தது.

துள்ளல் ஆட்டத்தை எப்படி மாற்றும் என்பதை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குப் போக வேண்டும். அங்கே கோஷியென் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிப் போட்டி ஒரு தேசியத் திருவிழா. கோடை வெயிலில் மாநிலம் மாநிலமாகப் பள்ளிகள் வந்து மோதும். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும். உலோக மட்டை வந்ததும் ஆட்டத்தின் குணமே மாறியது. 1982 கோடையில் தொகுஷிமா மாநிலத்தின் மலைப்பக்கத்து இகேதா பள்ளி, உடற்பயிற்சியால் உரமேறிய தோள்களோடு வந்து, எதிரணிகளை அடித்து நொறுக்கிப் பட்டத்தை வென்றது. அந்த அணியின் அடிக்கு மலையில் எதிரொலிக்கும் ஓசையின் பெயரையே வைத்தார்கள். அதன்பிறகு சாமர்த்தியமாகத் தட்டி ஓடுவது பின்னுக்குப் போய், வலுவாக வீசி அடிப்பது முன்னுக்கு வந்தது. 2017 கோடையில் ஒரே போட்டித் தொடரில் 68 ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் போன்ற அடி.

2019-இல் ஒரு பிட்சரின் முகத்தில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. அதிகாரிகள் யோசித்தார்கள். உலோகத்தைத் தடை செய்யவில்லை, மட்டையை மாற்றினார்கள். அதிகபட்ச விட்டம் 67 மில்லிமீட்டரிலிருந்து 64 ஆனது. சுவரின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டராக இருந்தது 4 ஆனது. சுவர் தடித்தால் உள்வாங்காது; உள்வாங்காவிட்டால் துள்ளாது. 2023 கோடையில் 23 ஹோம் ரன். புதிய மட்டை வந்த 2024 கோடையில் 7. அந்த ஆண்டு வசந்தகாலப் போட்டியில் இரண்டொரு மாணவர்கள் மர மட்டையையே எடுத்து வந்தார்கள். சில மில்லிமீட்டர் செய்த வேலை இது! ரசிகர்களில் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. தட்டி ஓடும் ஆட்டம் திரும்பி வந்தால் நல்லதுதானே.

சரி, பையனோ பெண்ணோ, பிள்ளைக்கு எதை வாங்குவது?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மரம் வேண்டாம் என்பேன். காரணம் எடை. 30 அங்குல மர மட்டை பெரும்பாலும் 27 அவுன்ஸ் இருக்கும்; ஏறத்தாழ 765 கிராம். அதே நீளத்தில் 20 அவுன்ஸ் உலோக மட்டை கிடைக்கும். 570 கிராம்கூட இல்லை. நீளத்தின் எண்ணிலிருந்து எடையின் எண்ணைக் கழித்து, மைனஸ் 3, மைனஸ் 10 என்று கடையில் சொல்வார்கள். கனமான மட்டையைச் சுழற்ற முடியாத குழந்தை தோளால் இழுத்து இழுத்து அடித்துக் கெட்ட பழக்கம் பிடித்துக்கொள்ளும். அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பதினான்கு, பதினைந்து வயதில் கதை வேறு. அப்போது ஆட்டத்துக்கு உலோகம் இருக்கட்டும். பயிற்சிக்குக் கட்டாயம் ஒரு மர மட்டை வேண்டும். உலோகத்தால் நிறைய அடித்துப் பெயர் வாங்கிவிட்டு, தொழில்முறை ஆட்டத்தில் மரத்தைப் பிடித்ததும் திணறியவர்கள் ஏராளம். கல்லூரி மாணவர்கள் கோடையில் மர மட்டையால் ஆடும் கேப் காட் லீக்குக்குத் திறமை தேடுவோர் படையெடுப்பது சும்மா அல்ல.

நம் நேயர்களில் பலருக்கு நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். போகும்போது மட்டை வாங்கித் தர ஆசைப்பட்டால், முதலில் பிள்ளை எந்தப் போட்டியில் ஆடுகிறது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். லிட்டில் லீக் என்றால் உலோக மட்டையின் மேல் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்க வேண்டும். ஒரே துண்டில் கடைந்த மர மட்டைக்கு அது தேவையில்லை. வேறு சில போட்டிகளில் துள்ளல் கூடிய மட்டை செல்லும். அதை லிட்டில் லீக்குக்குக் கொண்டுபோனால் நடுவர் ஒதுக்கி வைத்துவிடுவார். கடையிலேயே பிள்ளையைக் கை நீட்டச் சொல்லி, மட்டையை ஒரு கையால் கிடையாகப் பிடிக்கவையுங்கள். சிறிது நேரத்துக்குள் நுனி தாழ்ந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மட்டை வேண்டாம்.