கிணற்றடியில் கண்ட விசுவாசம்

(அரூரில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்தவர்களை நினைவுகூர்வது என்றால் அவர்கள் பாதியில் விட்டுப்போன கேள்வியை எடுத்துத் தொடர்வது என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம். அப்படி எடுத்துக்கொண்ட கேள்வி இது: அரூர் வட்டாரத்தில் கிறிஸ்துவைப் பின்பற்றும் தலித் மக்கள் தங்கள் கடவுளை எங்கே கண்டார்கள்?

மலையில், மரத்தில், தண்ணீரில், கூலிவேலையில், கூழ்ச்சட்டியில் கண்டார்கள் என்று சொன்னால் கேட்க இனிமையாக இருக்கும். அந்த இனிமையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. நம் மக்களைப் பொறுத்தவரை இயற்கை எப்போதும் யாரோ ஒருவருடைய பட்டாவில் இருந்திருக்கிறது. கிணறு ஒருவருடையது, புளியமரம் ஒருவருடையது, ஏரிக்கரைப் பாதையில் நடக்கக்கூட ஒருவருடைய அனுமதி வேண்டியிருந்தது. ஆகவே 'இயற்கையில் இறைவனைக் கண்டோம்' என்று நம்மில் ஒருவர் சொன்னால், எந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண்டீர்கள் என்று கேட்பது நியாயம்.

முதலில் இந்த மண்ணைப் பார்ப்போம். வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. அதன் கரையில் அனுமன்தீர்த்தம். சற்றுத் தள்ளித் தீர்த்தமலை. தெற்கே சித்தேரி மலை. ஊர்ப் பெயர்களிலேயே தீர்த்தம் இருக்கிறது. பாறையிலிருந்து சொட்டும் நீரைப் புனிதமென்று தலையில் தெளித்துக்கொள்ளும் வட்டாரம் இது. அதே வட்டாரத்தில்தான் குடிதண்ணீருக்காக நம் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு விடியவிடியக் காத்திருந்தார்கள். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையும், பெரியவர்களின் மூட்டிலும் முதுகிலும் வலியுமாக அது தன்னைக் காட்டிக்கொண்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இந்தப் பாதிப்புதான் முக்கியக் காரணம். இங்கே தண்ணீர் எலும்புவரைக்கும் போகிற விஷயம்.

இப்படிப்பட்ட ஊரில் வேதாகமம் வாசிக்கப்படும்போது எது முதலில் காதில் விழும்? நகரத்துப் பிரசங்கங்களில் காட்டுப் பூக்களும் ஆகாயத்துப் பறவைகளும் அதிகம் வரும். காலனியின் தகரக் கூரை ஜெபக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கிணறு வருகிற இடங்கள்தான் சட்டென்று பிடிபடுகின்றன. அப்படிப்பட்ட இடங்கள் வேதாகமத்தில் ஏராளம்.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஈசாக்கின் தகப்பன் காலத்தில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். ஈசாக்கின் ஆட்கள் வேறிடத்தில் தோண்டி ஊற்றைக் காண்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்களுடையது என்று உள்ளூர் மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அந்தக் கிணற்றுக்கு வாக்குவாதம் என்று பொருள்படும் ஏசேக்கு என்ற பெயரை வைத்துவிட்டு நகர்கிறார்கள். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. அதற்குப் பகை என்று பொருள்படும் சித்னா என்ற பெயர். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பெயரிடுகிறார்கள். இடம் உண்டாயிற்று என்பது பொருள்.

இதைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் போதகர்கள் விளக்குவதுண்டு. நம் பெண்கள் கேட்பது வேறு கதை. தூர்க்கப்பட்ட கிணறு என்றால் என்ன, தோண்டியவருக்கே தண்ணீர் இல்லை என்றால் என்ன, மூன்றாம் இடம் தேடிப் போவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. யோவான் 4ஆம் அதிகாரத்தின் சமாரியப் பெண்ணும் அப்படித்தான். உச்சிவெயிலில் தனியாகத் தண்ணீருக்கு வருகிறவளின் நிலைமை அவர்களுக்குத் தெரியும். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. அந்தக் கிணற்றடியில் ஒரு யூதர் அவளிடம் குடிக்கக் கேட்கிறார். பாத்திரம் அவளுடையது, கேட்பவர் கையில் எதுவும் இல்லை. தீட்டு என்று சொல்லப்பட்டவளின் குடத்திலிருந்து வாங்கிக் குடிக்கத் தயாராக இருக்கும் கடவுள் என்பதுதான் நம் மக்களைப் பிடித்து நிறுத்திய செய்தி. இறையியல் கல்லூரிகளுக்குப் போகாமலேயே நம் ஆயாக்கள் செய்த விளக்கவுரை இது.

இந்த விளக்கவுரைக்கு நம்முடைய அரசியல் வரலாற்றிலும் வேர் உண்டு. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றைப் பயன்படுத்த ஒடுக்கப்பட்டோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் 1924 ஆகஸ்ட் 22 அன்று கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளினார் அண்ணல் அம்பேத்கர். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பெலிஸ்தர் மண்ணைத்தான் போட்டார்கள். நம் காலம் அதையும் தாண்டிவிட்டது.

நம் பக்கத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணற்று நீரையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாச்சாத்தி மக்களின் தெய்வங்கள் வேறு. அவர்களைக் கிறிஸ்தவக் கணக்கில் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் சித்தேரி மலையைப் பார்த்து 'படைப்பின் அழகு' என்று பாடுகிற எந்தச் சபையும் அந்த மலையடிவாரத்தில் கெடுக்கப்பட்ட கிணற்றைக் கடந்துதான் பாட வேண்டும். கடக்காமல் சுற்றிப்போகிற பாட்டில் நமக்கு நம்பிக்கை இல்லை.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்டிப்போக வண்டி வரும் இடத்தில் தூக்குச்சட்டியோடு நிற்பவர்களைப் பாருங்கள். கரும்பு வெட்ட, மஞ்சள் வேக வைக்க, குச்சிக்கிழங்கு பிடுங்க, கட்டட வேலைக்கு என்று ஆள் எடுப்பார்கள். இடுப்பில் வலுவிருப்பவர்களை முதலில் ஏற்றிக்கொள்வார்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் கடைசிவரை நிற்பார்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் பொழுது சாயும் நேரத்தில் வந்து, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்பது அவர்கள் பதில். அவர்களுக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. இது அநியாயம் என்று முணுமுணுப்பவர்கள் கதையிலேயே இருக்கிறார்கள். நம் மக்களோ அதை நியாயம் என்று ஒரே நொடியில் புரிந்துகொள்கிறார்கள். கடைசியாகக் கூப்பிடப்பட்டவரின் வீட்டிலும் அன்று இரவு உலை வைத்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்க வைத்துக் காலையில் கூழ் காய்ச்சுகிறவளுக்குப் புளித்த மாவின் உவமை புதிதல்ல. நிலக்கடலை பிடுங்கி முடிந்த கொல்லையில் தப்பிய காயைப் பொறுக்குகிறவளுக்கு ரூத் அந்நியப் பெண் அல்ல. பொறுக்குவது பிச்சை அல்ல, அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரிய பங்கு என்று லேவியராகமம் 19 சட்டமாகவே வைத்திருக்கிறது என்று தெரியவரும்போது, அந்தப் பெண்ணின் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. விசுவாசம் என்று நாங்கள் இங்கே பேசுவது அந்த நிமிர்வைத்தான்.

இந்த நிமிர்வுக்கு இசையும் இறையியலும் கொடுத்தவர் தியாபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், பரட்டை என்ற பெயரைச் சூடிக்கொண்டார். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும் கோலோச்சிய வழிபாட்டுக்குள் நாட்டுப்புற இசையையும் பறையையும் பேச்சுத்தமிழையும் கொண்டுவந்தார். அவர் வலியுறுத்திய கருத்து 'ஒரே உலை'. எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சமைத்து எல்லாரும் உண்பதுதான் திருவிருந்தின் பொருள் என்றார். சாதி என்பது யார் யாரோடு சாப்பிடுவது, யார் யாருக்குப் பெண் கொடுப்பது என்பதில்தான் நிலைத்திருக்கிறது என்று சமூகவியலில் படிக்கிறோம். அப்பாவு அந்த முடிச்சிலேயே கை வைத்தார்.

திருவிருந்து அவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல, திருச்சபை என்ன செய்தது? அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த தலித் மக்கள் தங்களுக்குச் சமமான இடமும் பொதுப்பாதையும் வேண்டும், இல்லையென்றால் தனிப்பங்கு வேண்டும் என்று போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே அப்பத்தை உண்டவர்களால் ஒரே தெருவில் பிணத்தைத் தூக்கிப்போக முடியவில்லை. நம் மாவட்டத்தின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் 2012 நவம்பர் 7 அன்று எரிக்கப்பட்டபோதும் நமக்குத் தெரியவந்தது இதுதான்: அக்கம்பக்கம் என்ற அன்றாட உறவு நாம் நினைத்த அளவுக்கு ஆழமானதாக இல்லை. சிற்றூர் வாழ்வின் எளிமையைப் புகழ்கிறவர்கள் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நம் மக்களின் விசுவாசம் ஏன் இவ்வளவு தூரம் வயலிலும் தெருவிலும் அடுப்படியிலும் மட்டும் தங்கியிருக்கிறது? இதற்குக் கவித்துவமான பதில் தேட வேண்டியதில்லை. ஓர் அரசாணையைப் பார்த்தால் போதும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதம் தவிர்த்த வேறு மதத்தவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ தலித்துகளும் முஸ்லிம் தலித்துகளும் இன்றும் வெளியில்தான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரை தந்தது, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் ஆலயம் செல்பவர் என்பதைச் சுட்டி, பட்டியல் சாதிச் சான்றிதழ் தர முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

இதன் விளைவு என்ன? ஒரு தாய் தன் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் வைக்கிறாள். ஜெபிக்கிறாள், பதிவேட்டில் எழுத விடமாட்டேன் என்கிறாள். இதை இரட்டை வேடம் என்று சிலர் ஏசுகிறார்கள். கிணற்றுக்குப் போகும்போது மதம் பார்க்காமல் சாதி பார்த்து ஒதுக்குகிறது ஊர். சான்றிதழுக்குப் போகும்போது சாதி பார்க்காமல் மதம் பார்த்து ஒதுக்குகிறது அரசு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவளிடம் போய் நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. காகிதத்தில் எழுத முடியாத விசுவாசம் களத்துமேட்டில் வாழ்கிறது. புளி உலுக்கும்போது முணுமுணுக்கும் பாட்டிலும், பக்கத்து வீட்டுக்கு ஊற்றித்தரும் ஒரு சொம்புக் கூழிலும், யாருமற்றவர் பிணத்துக்குக் குழி வெட்டப் போகும் இளைஞர்களிடத்திலும் வாழ்கிறது. அது இருக்க வேறு இடம் விடப்படவில்லை என்பதையும், விடப்பட்ட இடத்தை அவர்கள் கோயிலாக்கிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே நாங்கள் வந்தடையும் முடிவு எளிமையானது. நம் மக்களுக்கு இயற்கையும் அன்றாடமும் கடவுளை ரசிக்கும் இடங்கள் அல்ல. கடவுள் தம் வாக்கைக் காப்பாற்றினாரா, அவர் பெயரைச் சொல்கிறவர்கள் காப்பாற்றினார்களா என்று சோதித்துப் பார்க்கும் இடங்கள். தண்ணீர் பகிரப்பட்டால், கூலி நிறைந்தால், உலை ஒன்றானால், கல்லறைக்குப் போகும் பாதை எல்லாருக்கும் திறந்தால், அங்கே சுவிசேஷம் வாசிக்கப்பட்டது என்று அர்த்தம்.

இந்த வட்டாரத்துச் சபைகளிடம் மூன்று கேள்விகளை வைக்கிறோம். உங்கள் திருவிழாவில் தண்ணீர் சுமப்பவர் யார்? அன்று பந்தியில் அவர் உட்காரும் இடம் எது? அவர் இறந்தால் அவரை எங்கே புதைப்பீர்கள்?

எழுத்தாளத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சபை வரலாறு என்றால் மிஷனரிகளின் வருகையும் கட்டடத் திறப்புத் தேதிகளும் என்றே இதுவரை எழுதப்பட்டிருக்கிறது. அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தக் கிணறு அவர்களுக்கு மறுக்கப்பட்டது, எந்த மரத்தடியில் முதன்முதலில் ஜெபித்தார்கள், எந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊர் வாரியாக, கொட்டாய் வாரியாக, காலனி வாரியாகச் செய்யுங்கள். பெயர் வெளியே வர வேண்டாம் என்று சொல்கிறவர்களின் பெயரை வெளியிடாதீர்கள். அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

ஏசேக்கையும் சித்னாவையும் நாம் நிறையவே பார்த்துவிட்டோம். ரெகொபோத்தை யாரும் தோண்டித் தரப்போவதில்லை. மண்வெட்டி நம் கையில்தான் இருக்கிறது.