இரண்டு கரி நெருப்புகள்
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில். அங்கே குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுரு, தம் ஆண்டவரைத் தெரியாது என்றார். இரண்டாவது, திபேரியக் கடற்கரையில். இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்த சீடர்களுக்கு உயிர்த்த ஆண்டவர் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். பசியாறிய பிறகே பேதுருவிடம் மந்தையை ஒப்படைத்தார்.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மைத்துனர்கள் இருவர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். “சாமி, சுடுதண்ணியும் சாம்பலும் வந்து சேர்ந்து கழிமுகத்துல மீனே இல்ல. அனல் மின் நிலையத்த மூடணும்னு பூசையில வேண்டுங்க” என்றார். மற்றவர் அதே நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. “மூடிட்டா என் பிள்ளைங்க சோத்துக்கு எங்க போகும்? அதுக்கும் வேண்டுங்க சாமி” என்றார். இருவருக்காகவும் வேண்டுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அது தப்பிக்கிற பதில் என்பது எனக்கே தெரியும். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வேகமாகச் சுற்றும். மற்ற மாதங்களில் தளர்ந்துவிடும். சூரிய மின்சாரம் பகலோடு சரி. நாம் விளக்குப் போடும் நேரத்தில் அது இல்லை. அந்த நேரத்தை இன்று பெரும்பாலும் நிலக்கரிதான் தாங்குகிறது. ஆனால் கொதிகலன் நம் வீட்டு அடுப்பு அல்ல. ஆறிப்போனால் மீண்டும் சூடேறப் பல மணி நேரம் ஆகும். ஆகவே அணைக்காமல், பகலில் தணித்து, மாலையில் கூட்டுகிறார்கள். அனல் மின் நிலையங்கள் 40 விழுக்காடு வரை இறங்கி இயங்கப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-இல் விதி வகுத்தது. முதலாளியாக இருந்த நிலக்கரி, மெல்ல மெல்லத் துணையாளாக மாறுகிறது.

அந்தத் துணையும் தேவைப்படாமல் போக வழி, சேமிப்பு. யோசேப்பு எகிப்தில் செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைப் பஞ்ச காலத்துக்குச் சேர்த்துவைத்தார். நம் காடம்பாறையில் 1987 முதல், மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட களஞ்சியங்கள் இன்னும் பல வேண்டும்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் இரண்டையும் சொன்னார். நிலக்கரியைத் தாமதமின்றிப் படிப்படியாகக் கைவிட வேண்டும். மாற்று வழி எல்லாருக்கும் எட்டும்வரை, தீமைகளில் சிறியதைத் தேர்வது முறையே. ஆனால் ‘எட்டும்வரை’ என்பதை ‘என்றென்றும்’ என்று ஆக்கிக்கொள்வது நம் சோதனை.

பேதுருவின் தவறு குளிர்காய்ந்தது அல்ல. குளிர்காய்ந்துகொண்டே, தெரியாது என்று சொன்னது. நாமும் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, சாம்பல் படிந்த மீனவரைத் தெரியாது என்கிறோம். மூடச் சொல்லிக் குரல் கொடுக்கும்போது, பதிவேட்டில்கூட நிலையான இடமில்லாத ஒப்பந்தத் தொழிலாளியைத் தெரியாது என்கிறோம்.

ஆண்டவரோ முதலில் பசியாற்றினார், பிறகு பொறுப்பைக் கொடுத்தார். நிலையம் ஓடும் நாள்வரை சாம்பலும் சுடுநீரும் கழிமுகத்துக்கு வராமல் காக்க வேண்டும். அது நிற்கும் நாளுக்கு முன்பே தொழிலாளிக்கு வேறு வேலையும் பயிற்சியும் வேண்டும். இரண்டையும் நாம் சேர்ந்தே கேட்போம். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்க வேண்டாம்.

நம் பங்கிலும் ஒன்று செய்யலாம். கோயில் தொட்டிக்கு மாலை ஏழு மணிக்கு மோட்டார் போடுகிறோம். இனி நண்பகலில், வெயில் மின்சாரம் மிகுந்திருக்கும்போது போடுவோம். வீடுகளிலும் அப்படியே. சிறிய காரியம்தான், ஆனாலும் மாலைச் சுமையில் ஒரு பிடி குறையும்.

அந்த மைத்துனர்கள் இருவரும் இன்றும் ஒரே வரிசையில்தான் அமர்கிறார்கள். கடற்கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவர், இருவரின் பிள்ளைகளுக்கும் உணவளிக்கும் வழியை நமக்குக் காட்டுவாராக. ஆமென்.