ஊராட்சி மன்றத்தில் நம் பெண்மக்கள்

(கொண்டப்பநாயக்கன்பட்டியில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சேர்வராயன் மலையடிவாரத்து இவ்வூரில், நம் குடும்பத்து ஸ்திரீகளும் திரளாக வந்திருப்பது பெரிதும் மகிழ்ச்சியளிக்கின்றது. அவர்கள் முன்னிலையில் பேசத்தக்க விஷயமொன்றையே எடுத்துக்கொண்டோம். ஊராட்சியில் பெண்மக்களுக்குச் சட்டம் அளித்த ஸ்தானம் உண்மையில் அவர்கள் கையில் இருக்கின்றதா என்பதே அது.

முதலில் சட்டத்தைச் சொல்லுவோம். 1993-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமுலுக்கு வந்த அரசியலமைப்பின் 73-வது திருத்தம், ஊராட்சி உறுப்பினர் ஸ்தானங்களிலும் தலைமைப் பதவிகளிலும் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் ஸ்திரீகளுக்கு ஒதுக்கிற்று. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. 2016-ல் அப்பங்கு பாதியாக உயர்ந்தது. 2019 டிசம்பரில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கிராமத் தேர்தல் அவ்விதிப்படியே நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிவுற்றது. இனி வரும் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னர் நாம் சிந்திக்கவேண்டிய காரியம் ஒன்றுண்டு.

பல ஊர்களில் பெயர்ப்பலகையில் அம்மையார். நாற்காலியில் அவர் கணவர். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிடவேண்டும் என்பது விதி. காசோலைப் புத்தகமோ வீடு தேடி வருகின்றது. அடுப்படியில் நிற்கும் அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்திடுகின்றார். எவ்வேலைக்கு எத்தொகை என்று அவருக்குச் சொல்வாரில்லை. நாளைத் தணிக்கையில் குறை காணின், பதில் சொல்லவேண்டியவர் கையொப்பமிட்ட அவரேயன்றிக் கணவரல்லர். அதிகாரம் ஒருவருக்கு, பழி மற்றொருவருக்கு என்பது எந்த நியாயம்?

இவ்வழக்கம் வடநாட்டிலும் மலிந்திருப்பதால், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவை நியமித்தது. இத்தகைய கணவன்மார்க்குக் கடுந்தண்டனை வேண்டுமென்று அதன் அறிக்கை கூறிற்று. தண்டனைக்கு அஞ்சித் திருந்துதல் நம் சமூகத்துக்குப் பெருமையாகுமா?

சொத்து விஷயத்தை நோக்குக. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தந்தது. ஆயினும் பல குடும்பங்களில் கலியாணச் சீரைக் காட்டி, மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கப்படுகின்றது. சட்டம் கொடுத்ததைக் கையெழுத்தால் திரும்ப வாங்கும் அதே வித்தைதான் ஊராட்சிக்கும் வந்துசேர்ந்தது.

"பெண்களுக்குக் கணக்கு வழக்குத் தெரியாதே" என்பார் உளர். 1989-ல் தருமபுரியில் தொடங்கிப் பின் நம் சேலத்துக்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் சேமிப்பும் கடனும் வட்டியும் எழுதுவோர் யார்? 1927-லேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராய் வீற்றிருந்தார். அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின்னும், ஒரு கிராமசபையை நடத்தப் பெண்ணுக்குத் திறமில்லை என்பது வெறும் சாக்கு.

மற்றொன்றும் சொல்லவேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்புச் சகோதரி தலைவராகும் ஊர்களில் அவமதிப்பும் ஆபத்தும் இரட்டிப்பாகின்றன. திருநெல்வேலிப் பகுதித் தாழையூத்தில் தலைவராயிருந்த அருந்ததியப் பெண்மணி கிருஷ்ணவேணி அம்மையார் 2011 ஜூனில் அரிவாளால் வெட்டப்பட்டுப் பிழைத்தார். நம் வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரம் மரியாதை கேட்டு, அயல்தெருப் பெண் நாற்காலியில் அமர்வதைப் பொறாதிருப்பது நீதியன்று.

ஆதலின் மூன்று காரியங்களை இச்சபை ஏற்கவேண்டுமென்று வேண்டுகின்றோம். ஒன்று: தேர்தலில் நிற்கும் பெண்ணின் சம்மதத்தை முதலில் அவரிடமே கேட்பது. இரண்டு: வென்றவர் கணக்கைப் படித்தறியாமல் கையொப்பமிடும்படி எவரும் வற்புறுத்தாதிருப்பது. மூன்று: ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் கிராமசபைக்கு, ஆடவரோடு வீட்டுப் பெண்களும் சென்று கேள்வி கேட்பது.

இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுமுன், இங்கு அமர்ந்துள்ள சகோதரிகளின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும். இதுவரை நாம் பேசினோம்; இனி அவர்கள் பேசட்டும்.