பித்தளைக் குழலுக்குள் நம்ம ஊர் கமகம்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சிப்காட்டில் மெஷினோடு காலம் தள்ளுகிறவன் இசையைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறான் என்று சிலர் நினைக்கலாம். நான் பேசப்போவதும் ஒரு மெஷினைப் பற்றித்தான். அதன் பெயர் சாக்ஸபோன். பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் சாக்ஸ் என்பவர் 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி. ராணுவ பாண்டில் முழங்கிய அது, பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் கையில் ஜாஸ் இசையின் குரலாகவே ஆகிவிட்டது.

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு டுவாலா ஊரில் 1933-ல் பிறந்தவர் மனு டிபாங்கோ. 15 வயதில், 1949-ல், படிப்பதற்காகக் கப்பலேறி பிரான்சுக்குப் போனார். செலவுக்கென்று வீட்டார் கொடுத்தனுப்பியது மூன்று கிலோ காப்பி! அங்கேதான் ஜாஸ் பழகினார். ஆனால் 1972-ல் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன 'சோல் மகோசா' பாட்டில் இருந்தது, தன் ஊர் டுவாலாவின் மகோசா தாளம். 2020 மார்ச்சில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

டிபாங்கோ கப்பலேறிய அதே 1949-ல், டிசம்பரில், நம்ம பக்கம் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் கத்ரி கோபால்நாத். ஊர் மங்களூர்ப் பக்கம் பண்ட்வால் தாலுகா சஜிபமூடா. துளு பேசும் மண். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தோடு இருந்தது. 1956-ல்தான் கர்நாடகப் பக்கம் போனது. ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டித் தாண்டி வாழ்கிற நமக்கு எல்லைக்கோடு என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா தனியப்பா நாதஸ்வர வித்வான். பையனும் அதையே வாசித்திருக்கலாம். ஆனால் மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டதும் மனசு அங்கே போய்விட்டது. மங்களூரில் கலாநிகேதனா கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம். கருவி வசப்பட ஏறக்குறைய 20 வருஷம் ஆயிற்று என்பார்கள்.

ஏன் 20 வருஷம்? டெக்னிக்கலாகப் பார்ப்போம். நாதஸ்வரமும் சாக்ஸபோனும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அகன்றுகொண்டே போகிற குழாய்கள்தான். ஆனால் நாதஸ்வரத்தில் விரல் நேராகத் துளைமேல் உட்காரும். துளையைப் பாதி மூடலாம், கால்வாசி மூடலாம். சீவாளியில் உதட்டு அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் கமகம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி, கம்பி, மூடி என்று ஒரு மெக்கானிசமே இருக்கிறது. மூடி திறந்தால் ஒரு ஸ்வரம், மூடினால் இன்னொரு ஸ்வரம். படி ஏறுவது மாதிரி. அந்தப் படிக்கட்டைச் சறுக்குமரமாக மாற்ற வேண்டும். கோபால்நாத் உதடு, மூச்சு, விரல் மூன்றையும் அதற்குப் பழக்கினார். கருவியிலும் தன் தேவைக்கேற்பச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். ராகத்தை மட்டும் மாற்றவில்லை. கருவிக்கு வராது என்று ஒரு கமகத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வியப்பது இதைத்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை. 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் இவர் வாசிப்பதைக் கேட்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, "நானும் கூட வாசிக்கலாமா" என்று கேட்டு மேடையேறினார். 1994-ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் விழா. அதே வருஷம் பாலசந்தரின் 'டூயட்' படம் வந்தது, ஏ.ஆர். ரகுமான் இசையில் பிரபுவின் கையிலிருந்த சாக்ஸபோனுக்கு மூச்சு கொடுத்தவர் இவர்தான். டீக்கடை வாசலில் நின்று கல்யாணவசந்தம் கேட்டோம், ராகத்தின் பெயர் தெரியாமலே! 2004-ல் பத்மஸ்ரீ. 2008-ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'கின்ஸ்மென்' இசைத்தட்டு. 2019 அக்டோபர் 11-ல் மங்களூரில் காலமானார். இன்றைக்கு ஓசூர்ப் பக்கம் கல்யாண மண்டபத்தில் சாக்ஸபோன் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது நம்ம வாத்தியம் ஆகிவிட்டது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? தளி, அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி என்று கிராமங்களிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் டிரெயினியாக வருகிறார்கள். ஜெர்மன் மெஷின், ஜப்பான் மெஷின், இங்கிலீஷ் மீட்டிங். வீட்டில் பேசுவது தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ. "இதெல்லாம் நமக்கில்லை சார்" என்று ஆறு மாதத்தில் மூட்டை கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை தெரியாமல் போனவர்கள் இல்லை அவர்கள், கூச்சத்தால் போனவர்கள்.

தம்பிகளே, தங்கைகளே! யாருக்காகச் செய்த மெஷின் என்று பார்க்காதீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். புரியாததை உங்கள் பாஷையிலேயே கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தால் எங்கள் சங்கத்து ஆட்கள் அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறோம். மூட்டை கட்டுவதற்கு முன்னால் எங்களில் ஒருவரை வந்து பாருங்கள்.