நடந்தால் வலிக்கும் கால்
(தோட்டப் பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலையேறும்போது கெண்டைக்காலும் தொடையும் இறுகி வலிக்கும். கொஞ்சம் நின்றால் விட்டுப்போகும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி. "வாதந்தான், எண்ணெய் தேய்ச்சா சரியாயிரும்" என்று லயத்தில் சொல்லிவிடுகிறோம். கணக்காக இப்படி வந்து போவது பெரும்பாலும் இரத்தம் போதாத வலி.

இதயத்திலிருந்து இறங்கும் பெருநாடி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வருஷக்கணக்காகப் பீடி, சுருட்டு பிடிப்பவர்களுக்கும், சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கும் அதன் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, பிறகு சுண்ணாம்பாய் இறுகும். (வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு அல்ல!) சிலருக்கு அது முருகைக்கல் போலவே கரடாகிக் குழாயை நெருக்கிவிடும்.

1950இல் பாரிசில் ஷாக் ஊடோ என்ற வைத்தியர், அடைத்துப்போன அந்தக் கவட்டை வெட்டியெடுத்து, இறந்தவரின் நாடியை வைத்துத் தைத்தார். பிறகு அமெரிக்காவில் டிபேக்கி, வீட்டுத் தையல் மெஷினிலேயே டெக்ரோன் துணிக் குழாய் தைத்தார். சிரிக்காதீர்கள், களிசான் மாதிரி இரண்டு காலுள்ள அந்தத் துணிக் குழாயைத்தான் இன்றும் வயிற்றைத் திறந்து வைத்து, தொடை நாடிகளோடு இணைக்கிறார்கள்.

நாடி கல்லாகியிருந்தால் கஷ்டம். இரத்தத்தை நிறுத்தப் போடும் இடுக்கி அங்கே இறுகாது, ஊசி இறங்காது, துகள் உடைந்து கீழே போய் அடைக்கும். ஆகவே மேலே மென்மையான இடம் தேடுகிறார்கள். சிறுநீரக நாடிகளுக்கு மேலே இடுக்கி போட்டால், அரை மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடப் பார்ப்பார்கள். நேரம் கூடினால் சிறுநீரகம் பழுதாகும். இதயம் பலவீனமானவர்களுக்கு வயிற்றைத் திறக்காமல், அக்குள் பக்கத்து நாடியிலிருந்து தோலுக்கடியால் தொடைக்குக் குழாய் இறக்குவதுண்டு. ஆபத்தில்லாத சத்திரசிகிச்சை இது என்று நாம் சொல்லமாட்டோம்.

எல்லோருக்கும் கத்தி தேவையுமில்லை. புகையை விட்டு, மருந்து குடித்து, தினம் நடந்து தேறியவர்கள் பலர். ஆனால் படுத்திருக்கும்போதே கால் வலித்தால், புண் ஆறாவிட்டால், விரல் கறுத்தால் தாமதிக்கக்கூடாது. நாம் அறிந்த கவ்வாத்துக்காரர் ஒருவர், விரல் கறுத்த பிறகும் இரண்டு மாதம் எண்ணெய் போட்டார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. திடீரென்று கால் சில்லிட்டு வெளிறி மரத்தால், உடனேயே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஆண்களுக்கு இந்த அடைப்பால் தாம்பத்தியக் குறையும் வரலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், வைத்தியருக்கு அது ஒரு துப்பு.

டிஸ்பென்சரிக்குப் போகும்போது "கால் வலிக்குது ஐயா" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை படி ஏறினதும் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நின்றால் விடுகிறது என்பதையும் சொல்லுங்கள். பாதத்தில் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.