வாய் திறவாத விரிவுரை
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்தது பத்து நிமிடம். ஆகவே ஒரேயொரு எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருகிற விடையில் 1ஐக் கழியுங்கள். 147573952589676412927. இருபத்தொரு இலக்கம்!

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இந்த வகை எண்களில் எவையெவை முதன்மை எண்கள் என்று ஒரு பட்டியல் தந்தார். முதன்மை எண் என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுவது, பிள்ளைகளுக்குத் தெரியும். நான் சொன்ன எண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1876இல், லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அது முதன்மை எண் அல்ல என்று நிறுவினார். ஆனால் அதை வகுக்கும் எண் எது என்று அவருக்கும் தெரியாது. அதெப்படி என்று கேட்பீர்கள். அவருடைய வழியின் இன்றைய வடிவம் இதுதான்: 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2ஐக் கழித்து, நமது பெரிய எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதிக்கும் அப்படியே செய்யுங்கள். 65ஆவது தடவை மீதி பூச்சியம் வந்தால் முதன்மை எண். வராது. உடைக்காமலே உடையும் என்று சொல்லிவிடலாம்.

உடைத்தவர் பிராங்க் நெல்சன் கோல். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். கோல் கரும்பலகைக்குப் போய், ஒரு பக்கத்தில் அந்த இருபத்தொரு இலக்கத்தையும் கணித்து எழுதினார். மறுபக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு சொல்லும் பேசாமல் போய் இருந்துவிட்டார், சபை கைதட்டியது என்று சொல்வார்கள். எவ்வளவு காலம் எடுத்தது என்று பிறகு கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? “எனக்கு டொச் வராது, பிள்ளையின்ரை கணக்குக் கொப்பியை நான் என்னெண்டு பார்க்கிறது?” என்று கேட்கிற தாய்தகப்பன்மார் எங்களுக்குள் இருக்கிறார்கள். வசனக் கணக்குக்குப் பாசை வேணும், அதை நான் மறுக்கேல்லை. ஆனால் அன்றைக்குக் கோல் எழுதியதைச் சரிபார்க்க ஆங்கிலம் தேவைப்படவில்லை. இங்கே வகுத்தலுக்கு இரண்டு புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் கொமா போடுவார்கள். அதைக் கண்டு மிரண்டு கொப்பியை மூடிவிடாதீர்கள். பெருக்கல் நாங்கள் ஊரில் படித்த அதே பெருக்கல்தான்.

இப்பவே பாருங்கோ. பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109, அதைக் கூட்டினால் 10, பிறகு 1. முதற் காரணிக்கு 37, 10, 1. மற்றதற்கு 64, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. பொருந்துகிறது. இப்படிப் பொருந்தாவிட்டால் பிழை நிச்சயம்; பொருந்தியதால் மட்டும் சரியென்று சொல்ல ஏலாது. அதற்கு முழுப் பெருக்கலும் செய்யவேணும். பிள்ளைகள் ஒரு பெரிய கடதாசி எடுங்கோ. ஒன்பது வரிசை வரும், அதில் ஒன்று வெறும் பூச்சியம். 7ஆல் பெருக்குகிற வரிசையை ஒருக்கால் செய்து வைத்தால் மூன்று இடத்துக்கு உதவும்.