முகம் என்ன வேட்டியா?

எதிரணியில் முகம் பளபளக்க அமர்ந்திருக்கும் நண்பர்களே! உழவர்கரைத் தாய்மார்களே, பெரியோர்களே! முகப்பொலிவுக்குத் துணை நிற்பது பொறுமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "இன்னைக்குப் பூசினா நாளைக்கே வெளுக்கணும்"னார். ஐயா, முகம் என்ன வேட்டியா, ஒரே நாளில் வெளுக்க? (சிரிப்பு)

இது உழவர் பெயரைத் தாங்கிய ஊர். நாற்று நட்ட மறுநாளே யாராவது அரிவாளோடு போவார்களா? தோலும் ஒரு விளைச்சல்தானுங்க. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர, இளம் வயதில் ஏறக்குறைய 28 நாள். வயது ஏற ஏற இன்னும் தாமதம். உதிர வேண்டியது ஒட்டிக்கொண்டு நின்றால் முகம் மங்கும். அந்த ஒட்டை மெல்ல இளக்கிவிடுவதுதான் சில அமிலங்களின் வேலை.

அமிலம்னதும் பயந்துடாதீங்க! உங்கள் தயிர்ச் சட்டியில் இருப்பதே லாக்டிக் அமிலம்தான். 1780இல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் புளித்த பாலிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார். கரும்பில் கிளைகாலிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம்.

"அப்போ எலுமிச்சையைத் தேய்க்கலாமே" என்றார் எதிரணிச் சகோதரி. அம்மா, பி.எச். கணக்கில் நம் தோல் சுமார் 5, எலுமிச்சைச் சாறு சுமார் 2. மூன்றுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு படிக்குப் பத்து மடங்கு. மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு! அதைத் தடவிக்கொண்டு புதுச்சேரி வெயிலில் நின்றால், வெளுக்கப் போன முகம் கருகித் திரும்பும். (கைதட்டல்)

கடையில் வாங்குவதானால் 5 சதவீத லாக்டிக் அமிலம் போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். பிறகு வாரம் ஓர் இரவு. தோல் தாங்கினால் இரண்டு. காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். எரிந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது"ம்பாங்க. அது வேலை இல்லை, வேதனை!

வேகம் கேட்பவர்கள் ஸ்டீராய்டு களிம்பிடம் போகிறார்கள். சில வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், பரு கிளம்பும், ரத்த நாளம் தெரியும். 2018இல் மைய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

என் மாணவி ஒருத்தி முகம் சிவந்து வெந்துபோய், துப்பட்டாவால் மூடிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன். "பொண்ணு பார்க்க வந்தவங்க கறுப்புன்னு சொல்லிட்டாங்க சார். அதான் களிம்பு போட்டேன்" என்றாள். (அமைதி)

சங்கப் புலவர்கள் மாந்தளிர் நிற மேனியை 'மாமை' என்று கொண்டாடினார்கள். நிறம் வெளிறினால் 'பசலை' என்றார்கள். பிரிவுத் துயரில் வரும் அந்தப் பசப்புக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். நம் இலக்கியத்தில் வெளுப்பு வருத்தத்தின் அடையாளம் ஐயா!

1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'குளோ' ஆனது. டப்பாவே பேரை மாத்திக்கிச்சு. பெண் பார்க்கப் போகிற நாம் மாற வேண்டாமா? (பலத்த கைதட்டல்)

பொலிவு வேறு, வெளுப்பு வேறு. பொலிவுக்குப் பொறுமை போதும். வெளுப்பு நமக்குத் தேவையே இல்லை. பொறுமையே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே.